முன்நிறுவிய இயங்குதளமும் பழைய பதிப்புக்குத் திரும்பும் உரிமையும்

கணினியின் செயலி, நினைவகம், வன்தட்டு, திரை, விசைப்பலகை ஆகிய அனைத்தையும் ஒருங்கிணைத்து, அவற்றின் மேல் பிற மென்பொருள்கள் இயங்க இடந்தரும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படுகிறது. இன்று விற்பனைக்கு வரும் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை, தயாரிப்பு நிறுவனத்தாலேயே ஓர் இயங்குதளம் நிறுவப்பட்ட நிலையில்தான் வாங்குவோரின் கைக்கு வருகின்றன. அவ்வாறு வந்ததை நீக்கிவிட்டு, அதற்கு முந்தைய பதிப்பொன்றை நிறுவிக்கொள்ள வாங்கியவர் விரும்பும்போது எழும் சிக்கல்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் பழகியதை விட மனமில்லாதவர்களின் பிடிவாதமாகத் தோன்றக்கூடிய இந்த விருப்பம், உண்மையில் உரிமச் சட்டம், வன்பொருள் வடிவமைப்பு, பாதுகாப்பு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது. விலை கொடுத்து வாங்கிய ஒரு கருவியின் மீது வாங்கியவருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்ற கேள்விக்குக் கடந்த இருபது ஆண்டுகளில் விடை எப்படி மாறி வந்திருக்கிறது என்பதையும் இந்த ஒரு செயலை வைத்தே அளந்துவிட முடிகிறது.

முன்நிறுவல் வழக்கமானதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. கணினித் தயாரிப்பாளர்கள் இயங்குதள உரிமங்களை இலட்சக்கணக்கில் மொத்தமாக வாங்குவதால் அவற்றை மலிவாகப் பெறுகிறார்கள். ஓஇஎம் உரிமம் எனப்படும் இவ்வகை உரிமம், கடையில் பெட்டியாக விற்கப்படும் உரிமத்தைப் போலன்றி, அது எந்தக் கணினியோடு வந்ததோ அந்தக் கணினியோடு பிணைக்கப்பட்டது. வாங்குபவருக்கு விலை குறைவு என்பது இதன் நன்மை. எந்தப் பதிப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்புச் சுருங்குவது இதன் விலை. ஐரோப்பிய நீதிமன்றங்கள் இந்தப் பிணைப்பை ஒரே கண்ணோடு பார்க்கவில்லை. முன்நிறுவிய இயங்குதளத்தின் உரிமத்தை ஏற்க மறுத்தவருக்கு அதற்குரிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று இத்தாலியின் உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் 2008இல் விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்துடன் சோனி மடிக்கணினி ஒன்றை வாங்கிய பிரெஞ்சு நுகர்வோர் தொடுத்த வழக்கில், இயங்குதளத்தோடு மட்டுமே கணினியை விற்பதும், இயங்குதளத்தின் விலையைத் தனியே காட்டாதிருப்பதும் தம்மளவில் முறையற்ற வணிகமாகிவிடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016 செப்டம்பரில் கூறியது. இரண்டாவது தீர்ப்புக்குப் பின், விற்பனையின்போதே பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் வழி ஐரோப்பாவிலும் குறுகியது எனலாம். ஆகவே, வாங்கிய பின் மாற்றிக்கொள்ளும் வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்பது முக்கியமாகிறது.

இந்த வழியைப் பெருந்திரளான மக்கள் ஒரே நேரத்தில் நாடியது விண்டோஸ் விஸ்டாவின் காலத்தில்தான். விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று வெளியானது. அதன் அடுத்த பதிப்பான விஸ்டா பொதுமக்களின் கைக்கு வந்தது 2007 ஜனவரி 30 அன்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் எக்ஸ்பி அலுவலகங்களிலும் வீடுகளிலும் வேரூன்றிவிட்டிருந்தது. 233 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 64 எம்பி நினைவகமும் எக்ஸ்பிக்குரிய குறைந்தபட்சத் தேவைகளாகக் கூறப்பட்டன. விஸ்டாவோ 800 மெகாஹெர்ட்ஸ் செயலியையும் 512 எம்பி நினைவகத்தையும் குறைந்தபட்சமாகவும், அதன் முழுத் தோற்றத்தையும் காண்பதற்கு 1 ஜிபி நினைவகத்தையும் தனித்திறனுள்ள வரைகலைச் சில்லையும் கேட்டது. நினைவகத்தின் விலை இன்றைய அளவுக்குக் குறையாத அக்காலத்தில், 512 எம்பி நினைவகத்தோடு விஸ்டாவை ஏற்றி விற்கப்பட்ட மலிவு விலை மடிக்கணினிகள் புதியனவாக இருந்தபோதே தவழ்ந்தன. அதே கணினியில் எக்ஸ்பியை நிறுவினால் அது விரைந்து இயங்கும் என்பதை அவற்றை வாங்கியவர்கள் எளிதில் கண்டுகொண்டார்கள்.

இந்த நிலைமை தற்செயலாக நேர்ந்ததன்று என்பதை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் விண்டோஸின் தயாரிப்பாளரான மைக்ரோசாஃப்டின் மேல் 2007இல் தொடுக்கப்பட்ட வழக்கு வெளிக்கொணர்ந்தது. விஸ்டா வெளிவருவதற்கு முன்பே, அதை ஏற்கும் தகுதி உடையது என்று அறிவிக்கும் ஒட்டுச்சீட்டு பல கணினிகளில் ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் அவற்றுள் சில, விஸ்டாவின் மிக எளிய பதிப்பை மட்டுமே இயக்க வல்லவை. 2008இல் நீதிமன்றத்தின் வழியே வெளியான மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உள்மடல்கள், இன்டெல்லின் 915 என்னும் சிப்செட் கொண்ட கணினிகளும் அந்தச் சீட்டைப் பெறும்படி தகுதி வரம்பு தளர்த்தப்பட்டதைக் காட்டின; இன்டெல்லின் காலாண்டு வருவாய்க்கு உதவுவதே அதன் காரணம் என்று ஒரு மடல் வெளிப்படையாகவே கூறியது. நிறுவனத்தின் துணைத் தலைவர் ஒருவரே, தாம் 2,100 டாலர் கொடுத்து வாங்கிய மடிக்கணினி மின்னஞ்சல் பார்ப்பதற்கு மட்டுமே உதவுகிறது என்று அவற்றில் வருந்தியிருந்தார். பாதிக்கப்பட்டோர் அனைவரின் சார்பிலும் கூட்டாக நடத்தப்படும் தகுதியை அவ்வழக்கு 2009இல் இழந்துவிட்டது. ஆயினும், பழைய பதிப்புக்குத் திரும்பியவர்கள் புதுமையை அஞ்சியவர்கள் என்ற எளிய விளக்கத்தை அம்மடல்கள் என்றைக்குமாகத் தகர்த்துவிட்டன.

வேகக் குறைவைவிடவும் பலரைத் துன்புறுத்தியது டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள்களின் பற்றாக்குறை. அச்சுப்பொறி, ஒலி அட்டை, வரைகலை அட்டை போன்ற ஒவ்வொரு கருவியோடும் இயங்குதளம் உரையாடுவதற்கு அந்தந்தக் கருவிக்குரிய இயக்கி தேவைப்படுகிறது. விஸ்டா வரைகலை இயக்கிகளுக்குப் புதிய கட்டமைப்பை வகுத்தது. அதன் 64 பிட் பதிப்பு, இயங்குதளத்தின் மையமான கருவகத்தில் இயங்கும் இயக்கி எதுவாயினும் மின்னணுக் கையொப்பம் பெற்றிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. பாதுகாப்பை நோக்கினால் இவ்விரு முடிவுகளும் சரியானவையே. ஆனால் கருவித் தயாரிப்பாளர்கள் ஆயத்தமாக இருக்கவில்லை. நன்றாக உழைத்துக்கொண்டிருந்த அச்சுப்பொறிகளும் வருடிகளும் ஒரே நாளில் பயனற்றுப்போயின. 2007இல் மைக்ரோசாஃப்ட் திரட்டிய விஸ்டா முறிவுப் பதிவுகளில் கால் பங்குக்கு மேற்பட்டவை என்விடியா நிறுவனத்தின் இயக்கிகளால் நேர்ந்தவை என்பதும் மேற்கூறிய மடல்களின் வழியே தெரியவந்தது. 2008 தொடக்கத்தில் வந்த முதல் சேவைத் தொகுப்பு விஸ்டாவின் குறைகளில் பலவற்றைக் களைந்தது. அதற்குள் அதன் பெயர் கெட்டுவிட்டிருந்தது.

கருவிகளைப் போலவே மென்பொருள்களும் மனிதரைப் பழைய பதிப்போடு பிணைக்கின்றன. 16 பிட் காலத்தில் எழுதப்பட்ட நிரல்கள் 64 பிட் விண்டோஸில் ஓடுவதில்லை. அச்சுப்பொறிக்குரிய இணை முனையத்தில் செருகும் பூட்டுக் கருவியைச் சார்ந்த கணக்கியல் மென்பொருள்கள், அம்முனையமே இல்லாத புதிய கணினிகளில் திறப்பதில்லை. தமிழ் அச்சுத்துறை இதற்கு நல்லதொரு சான்று. 2001இல் வெளிவந்த ஏழாம் பதிப்போடு வளர்ச்சி நின்றுபோன பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருள் யூனிகோடை அறியாதது. தமிழ் டிடிபி மையங்களோ பல்லாண்டுகளாக அதிலேயே, ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென வகுத்துக்கொண்ட குறியேற்றங்களில், ஆயிரக்கணக்கான நூல்களுக்குப் பக்கம் அமைத்துச் சேமித்து வைத்திருந்தன. அந்தக் கோப்புகளைத் திறப்பதற்கும், மறுபதிப்புக்காக ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கும்கூட அதே எழுத்துரு, அதே விசைப்பலகை இயக்கி, அவை தடையின்றி ஓடும் அதே இயங்குதளம் தேவைப்பட்டன. புதிய கணினி வாங்கிய அன்றே அதில் எக்ஸ்பியை ஏற்றித் தரச்சொன்ன அச்சகத்தாரின் செயலில் பழமைப்பற்று ஏதும் இல்லை. அவர்களது மூலதனம் அந்தக் கோப்புகளில் இருந்தது.

மக்களின் இந்தத் தேவை விற்பனையாளர்களை அசைத்தது. வாடிக்கையாளர்கள் வற்புறுத்தியதன் பேரில் டெல் நிறுவனம் 2007 ஏப்ரலில், வீட்டு உபயோகத்துக்கான சில கணினிகளில் எக்ஸ்பியை மீண்டும் தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவித்தது. 2008 ஜனவரியில் முடிவதாக இருந்த எக்ஸ்பி விற்பனை அவ்வாண்டு ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டது. எக்ஸ்பியைக் காப்பாற்றக் கோரி அமெரிக்கக் கணினி இதழான இன்ஃபோவேர்ல்டு நடத்திய இயக்கத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். இதே காலத்தில் ஏசஸ் ஈ பிசி போன்ற நெட்புக் என்னும் சிறுகணினிகள் லினக்ஸுடன் வந்து விற்பனையில் ஓங்கின. விஸ்டாவைத் தாங்கும் வலு அவற்றுக்கு இல்லை. அந்தச் சந்தையை இழக்க விரும்பாத மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பியின் வீட்டுப் பதிப்பை அவ்வகைக் கணினிகளுக்கு மட்டும் 2010 அக்டோபர் வரை வழங்கி வந்தது. கையெழுத்து இயக்கத்தைவிட லினக்ஸின் போட்டியே எக்ஸ்பியின் ஆயுளை அதிகம் நீட்டித்தது என்று கருத இடமுண்டு.

உரிமத்தின் நிலையில் இந்தத் திரும்புதலுக்கு முறையான ஏற்பாடு ஒன்று இருந்தது. டவுன்கிரேட் உரிமை என்றழைக்கப்படும் அதன்படி, புதிய பதிப்பின் உரிமத்தைப் பெற்றவர், கூடுதல் உரிமம் வாங்காமலே, குறிப்பிட்ட சில முந்தைய பதிப்புகளைப் பயன்படுத்தலாம். விரும்பும்போது புதியதற்கு மீளவும் செய்யலாம். ஆனால் விஸ்டாவுடன் வந்த கணினிகளில் பிசினஸ், அல்டிமேட் ஆகிய விலை உயர்ந்த இரண்டு வகைகளுக்கே இவ்வுரிமை கிடைத்தது. ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம் வகைகளை வாங்கியவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. கடையில் பெட்டியாக வாங்கிய விஸ்டாவுக்கும் அது கிடையாது. நிறுவனங்கள் தொகுதி உரிமத்தின் கீழ் வாங்கினால் எந்தப் பழைய பதிப்புக்கும் செல்ல வழி இருந்தது. விண்டோஸ் 7இன் புரொஃபஷனல், அல்டிமேட் வகைகளிலிருந்து விஸ்டாவுக்கோ எக்ஸ்பிக்கோ, விண்டோஸ் 8 புரோவிலிருந்து 7க்கோ விஸ்டாவுக்கோ, விண்டோஸ் 10 புரோவிலிருந்து 8.1க்கோ 7க்கோ என, ஒவ்வொரு தலைமுறையிலும் இதே ஏற்பாடு தொடர்ந்தது.

உரிமை இருந்தபோதிலும் அதைக் கையாளும் முறை எளிதாக இல்லை. பழைய பதிப்பின் நிறுவல் வட்டையும் அதற்கான குறியெண்ணையும் பயனரே தேடிக்கொள்ள வேண்டும். வேறொரு கணினியில் ஏற்கெனவே பயன்பட்ட குறியெண்ணை உள்ளிட்டால் இணையவழிச் செயலாக்கம் அதை ஏற்க மறுக்கும். அப்போது மைக்ரோசாஃப்டின் தொலைபேசி மையத்தை அழைத்து, புதிய பதிப்பின் உரிமத்தைச் சான்றாகக் கூறி, நீண்டதோர் எண்வரிசையைப் பெற்று உள்ளிட வேண்டும். இந்தத் தொல்லையைத் தாமே ஏற்றுச் செய்து தந்த கணினி நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கின. தாம் வாங்கிய லெனோவோ கணினியில் எக்ஸ்பியைப் பெறுவதற்கு 59.25 டாலர் கூடுதலாகச் செலுத்த நேர்ந்ததை எதிர்த்து ஒரு பயனர் 2009 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் மேல் வழக்குத் தொடுத்தார். தொகை சிறியதுதான். ஆனால் புதியதற்கு முழு விலை கொடுத்தவர், அதைப் பயன்படுத்தாமல் இருப்பதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதே அவ்வழக்கின் சாரம்.

வகைக்கேற்ப உரிமையைப் பிரித்துத் தந்த இந்த முறை நியாயமற்றது என்றே கூறவேண்டும். குறைந்த நினைவகமும் வலுக்குன்றிய வரைகலைச் சில்லும் கொண்ட மலிவுக் கணினிகளில்தான் விஸ்டா மிகவும் தடுமாறியது. அக்கணினிகளில் நிறுவப்பட்டிருந்தவை வீட்டு வகைகளே. பழைய பதிப்புக்குத் திரும்பும் தேவை யாருக்கு மிகுதியோ அவர்களுக்கே அந்த உரிமை மறுக்கப்பட்டது. அவர்கள் எக்ஸ்பியைத் தனியாக விலைக்கு வாங்கினார்கள், அல்லது களவுப் பிரதியை நாடினார்கள். பின்னதைக் குற்றம் என்று கூறுபவர்கள், முறையான வழியை அடைத்துவைத்தவர்களின் பங்கையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உரிமம் கையில் இருந்தாலும், நிறுவல் வட்டைச் செருகிய பிறகு எழும் தடைகள் வேறு வகையானவை. அவற்றுள் மிகப் பலரைத் திகைக்க வைத்தது, வன்தட்டையே காணவில்லை என்று எக்ஸ்பியின் நிறுவல் நிரல் கூறியதாகும். சாட்டா வகை வன்தட்டுகளின் முழுத் திறனையும் பெறுவதற்காக ஏஎச்சிஐ என்னும் இடைமுக முறை வகுக்கப்பட்டிருந்தது. விஸ்டாவில் அதற்கான இயக்கி உள்ளமைந்திருந்தமையால் தயாரிப்பாளர்கள் கணினிகளை அம்முறையில் அமைத்து அனுப்பினார்கள். 2001இல் உருவான எக்ஸ்பியின் வட்டிலோ அந்த இயக்கி இல்லை. நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தி இயக்கியைத் தனியே அளிக்கலாம். ஆனால் எக்ஸ்பி அதை நெகிழ்வட்டிலிருந்து மட்டுமே எதிர்பார்த்தது. நெகிழ்வட்டுச் செருகி மடிக்கணினிகளிலிருந்து மறைந்து சில ஆண்டுகள் ஆகிவிட்ட காலம் அது. இதற்கு இரண்டு தீர்வுகள் வழக்கில் வந்தன. கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸ் நிரலின் அமைப்புகளுக்குள் சென்று வன்தட்டைப் பழைய ஐடிஇ முறையில் இயங்குமாறு மாற்றுவது ஒன்று; என்லைட் போன்ற கருவியைக் கொண்டு, தேவையான இயக்கிகளை உள்ளடக்கிய புதிய நிறுவல் வட்டைப் பயனரே உருவாக்கிக்கொள்வது மற்றொன்று. முதலாவது எளிது, ஆனால் அந்த மாற்றத்துக்கே இடந்தராத பயாஸ்களும் இருந்தன. இரண்டாவதற்குப் பொறுமையும் ஓரளவு அறிவும் வேண்டும்.

நிறுவல் முடிந்த பின்னரும் ஒலியில்லாத, வலையமைப்பில் இணையாத, திரை சரியான அளவில் காட்டாத கணினியே முதலில் கிடைக்கும். மேசைக் கணினிகளில் உறுப்புகள் பொதுவானவை என்பதால் அவற்றுக்குரிய இயக்கிகளைத் தேடிப் பெறலாம். மடிக்கணினிகளிலோ ஒலிக்கும் வரைகலைக்கும் விசைப்பலகையின் சிறப்பு விசைகளுக்கும் அந்த மாதிரிக்கென்றே திருத்தப்பட்ட இயக்கிகள் வேண்டியிருக்கும். அவற்றைத் தயாரிப்பாளர் பழைய பதிப்புக்கு வெளியிடவில்லை என்றால் வழி அநேகமாக அடைபட்டுவிடும். எனவே பழைய பதிப்பை நிறுவ எண்ணுபவர், இருப்பதை அழிப்பதற்கு முன்னரே இயக்கிகள் அனைத்தையும், குறிப்பாக வலையமைப்புக்குரியதை, திரட்டி வைத்துக்கொள்வது இன்றியமையாதது. மீட்புப் பகுதி எனப்படும், வன்தட்டின் ஒரு மூலையில் தயாரிப்பாளர் மறைத்து வைக்கும் இயங்குதளப் படியை வெளி வட்டுகளில் எடுத்து வைக்காமல் வன்தட்டை முழுதும் அழித்தவர்கள், மனம் மாறியபோது திரும்பிச் செல்ல இடமின்றித் தவித்தார்கள். கணினியோடு நிறுவல் வட்டே தராத வழக்கம் அதற்குள் பரவிவிட்டிருந்தது.

வன்பொருள் முன்னேற முன்னேற, பழைய பதிப்பால் அதைப் பயன்கொள்ள முடியாமலும் போகிறது. பரவலாகப் புழங்கிய 32 பிட் எக்ஸ்பி, 4 ஜிபி நினைவகத்தில் ஏறத்தாழ 3 ஜிபியைச் சற்றே கடந்த அளவைத்தான் பயன்படுத்தும். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டுகளை முழுமையாகக் கையாளாது. திடநிலை வட்டுகளில் அழித்த கோப்புகளின் இடத்தை வட்டுக்கு அறிவித்து அதன் வேகத்தைக் காக்கும் டிரிம் கட்டளையும் விண்டோஸ் 7இல்தான் வந்தது.

2012 அக்டோபரில் தொடக்கப் பொத்தானை நீக்கி, தொடுதிரைக்கு முதலிடம் தந்து வெளிவந்த விண்டோஸ் 8, விஸ்டாவின் கதையை மீண்டும் நடத்தியது. 2014 தொடக்கத்தில் எச்பி நிறுவனம், மக்கள் விரும்பியதால் மீண்டும் வந்திருக்கிறது என்று விண்டோஸ் 7 கணினிகளை விளம்பரப்படுத்தியது. ஆனால் இம்முறை தடைகள் ஆழமான அடுக்குக்கு இறங்கியிருந்தன. பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐ என்னும் புதிய நிலைபொருள் பிடித்திருந்தது. உரிய கையொப்பம் இல்லாத எந்தத் தொடக்க நிரலையும் இயங்கவிடாத செக்யூர் பூட் என்னும் காவல் அதில் இயல்பாகவே முடுக்கப்பட்டிருந்தது. இயங்குதளத்துக்கு முன்பே நுழைந்து ஒளிந்துகொள்ளும் நச்சு நிரல்களைத் தடுப்பதற்காக வந்த இந்த ஏற்பாடு, அந்தக் கையொப்ப முறையை அறியாத விண்டோஸ் 7ஐயும் வாசலிலேயே நிறுத்தியது. இன்டெல், ஏஎம்டி செயலிகள் கொண்ட கணினிகளில் இக்காவலை முடக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தரவேண்டும் என்று விண்டோஸ் 8 சான்றிதழ் விதிகள் கூறின. ஆர்ம் செயலிக் கணினிகளிலோ முடக்கவே கூடாது என்று அதே விதிகள் கூறின. குறியெண்ணும் கணினியின் அடியில் ஒட்டப்பட்ட சீட்டிலிருந்து நிலைபொருளின் நினைவுக்குள் குடியேறியது. பழைய பயாஸ் முறையைப் போலச் செயல்படும் துணை அடுக்கின் உதவியோடு விண்டோஸ் 7ஐ ஏற்ற முடிந்தது. ஆனால் 2020க்குள் அந்தத் துணை அடுக்கையும் விலக்கப்போவதாக இன்டெல் 2017இல் அறிவித்தது.

2015இல் வந்த ஸ்கைலேக் தலைமுறைச் செயலிகளோடு இன்னொரு தடை தோன்றியது. அவற்றுக்குரிய சிப்செட்டுகளில் யுஎஸ்பியின் பழைய கட்டுப்பாட்டகம் நீக்கப்பட்டு, யுஎஸ்பி 3.0க்குரியது மட்டுமே எஞ்சியது. விண்டோஸ் 7இன் வட்டில் அதற்கான இயக்கி இல்லாமையால், நிறுவல் திரை தோன்றிய பின் விசைப்பலகையும் சுட்டியும் செயலிழந்து நின்றன. இயக்கிகளைச் சேர்த்த புதிய நிறுவல் வட்டை உருவாக்கி இத்தடையையும் கடந்தார்கள். அடுத்து வந்ததோ அறிந்தே எழுப்பப்பட்ட சுவர். இனி வரும் செயலித் தலைமுறைகளுக்கு அப்போதைய புதிய விண்டோஸ் பதிப்பில் மட்டுமே ஆதரவு என்று 2016 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது; 2017இல், கேபி லேக், ரைசன் போன்ற புதிய செயலிகளில் விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றை ஓட்டியவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு என்று முன்பே அளித்திருந்த வாக்குறுதி அக்கணினிகளுக்கு மட்டும் பொருந்தாமல் போயிற்று. புதிய வன்பொருளுக்கேற்பப் பழைய நிரலைச் சோதிப்பதன் செலவு உண்மையானதே. ஆனால் இயங்கிக்கொண்டிருந்த ஒன்றுக்குத் திருத்தங்களை வலிந்து மறுத்ததை அச்செலவைக் காட்டி நியாயப்படுத்த இயலாது.

ஆப்பிளின் உலகில் இந்தக் கேள்வி தொடக்கத்திலிருந்தே இன்னும் இறுக்கமான விடையைப் பெற்றிருக்கிறது. ஒரு மேக் கணினி எந்தப் பதிப்போடு வெளிவந்ததோ அதற்கு முந்தையதை ஏற்காது என்பது அங்கே பொது விதி. 2011 ஜூலையில் வந்த லயன் பதிப்பு, பவர்பிசி செயலிக் காலத்து மென்பொருள்களை இயக்கித் தந்த ரொசெட்டா என்னும் ஏற்பாட்டை நீக்கியது. 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா 32 பிட் மென்பொருள்கள் அனைத்தையும் கைவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் வெளியான 16 அங்குல மேக்புக் ப்ரோவை வாங்கியவர், தம்முடைய பழைய மென்பொருளுக்காக முந்தைய பதிப்பான மொஹாவேக்குத் திரும்ப விரும்பினாலும் முடியாது. கைபேசிகளில் கதவு முற்றிலும் மூடப்பட்டது: ஐஃபோனில் நிறுவப்படும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆப்பிளின் வழங்கி அந்த நேரத்தில் ஒப்பம் தரவேண்டும், பழைய பதிப்புக்கு ஒப்பம் தருவதை நிறுத்திவிட்டால், அதன் கோப்பு கையில் இருந்தாலும் பயனில்லை. ஆண்ட்ராய்டு 8 முதல், பின்னோக்கிய நிறுவலைத் தடுக்கும் ஏற்பாடு அங்கும் வகுக்கப்பட்டுள்ளது. குறையுள்ள பழைய பதிப்பைத் திருடனோ ஊடுருவுபவனோ மீண்டும் ஏற்றிவிடக் கூடாது என்பது இவற்றின் நோக்கம். அந்த நோக்கம் மெய்யானது. உரிமையாளரையும் ஊடுருவுபவனையும் ஒரே தட்டில் வைப்பது அதன் விளைவு.

திரும்பும் உரிமைக்காகப் பேசுபவர்கள் பாதுகாப்பின் வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவுக் காலம் என ஒன்று உண்டு. அது முடிந்ததும், புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. எக்ஸ்பியின் காலம் 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தபோது, மாறி முடிக்காத பிரிட்டன் அரசு மேலும் ஓராண்டுத் திருத்தங்களுக்காக ஏறத்தாழ 55 இலட்சம் பவுண்டு செலுத்தியது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை என்னும் பணயநிரல் பிரிட்டனின் பொதுமருத்துவச் சேவையை நிலைகுலையச் செய்தபோது, மூன்றாண்டுக்கு முன் கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஆனால் அந்நிகழ்ச்சியை எக்ஸ்பியின் மேல் மட்டும் ஏற்றிக் கூறுவது பிழை. பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7இல் ஓடியவை. அதற்கான திருத்தம் மார்ச் மாதத்திலேயே வந்திருந்தும் நிறுவப்படாதிருந்தவை. பதிப்பின் வயதைவிட, அதற்குத் திருத்தம் வருகிறதா, வந்தது நிறுவப்பட்டதா என்பவையே முதன்மையான கேள்விகள்.

ஆதரவு முடிந்த பதிப்பைச் சுற்றியுள்ள உலகமும் மெல்ல விலகிவிடுகிறது. குரோம் உலாவி 2016இல் எக்ஸ்பியையும் விஸ்டாவையும் கைவிட்டது. விண்டோஸ் 7க்குரிய அதன் கடைசிப் பதிப்பு 2023 ஜனவரியில் வந்த 109. வங்கித் தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்னும் மறையாக்க முறையை எக்ஸ்பி தன்னளவில் அறியாது. பழைய வட்டிலிருந்து புதிதாக நிறுவிய விண்டோஸ் 7, 2019க்குப் பிந்தைய திருத்தங்களின் கையொப்ப முறையை அறியாததால், அந்த முறையைக் கற்பிக்கும் திருத்தத்தைத் தனியே தேடி நிறுவிய பின்னரே மற்றவற்றைப் பெற முடியும். அதனால்தான் பழைய பதிப்பின் தேவை ஓரிரு மென்பொருள்களுக்காக மட்டும் என்றால், மெய்நிகர் கணினி என்னும் வழி பெரும்பாலும் மேலானது. அதாவது, புதிய இயங்குதளத்துக்குள்ளேயே, கற்பனையான ஒரு கணினியை உருவாக்கி, அதில் பழையதை ஓடவிடுவது. விண்டோஸ் 7 புரொஃபஷனலுடன் மைக்ரோசாஃப்டே எக்ஸ்பி மோட் என்ற பெயரில் இதை இலவசமாக வழங்கியது. மேலே கூறிய பேஜ்மேக்கர் கோப்புகளுக்கும் இணையத்தோடு இணைக்கப்படாத மெய்நிகர் கணினியே ஏற்ற இடம். வரைகலைச் சுமை மிக்க விளையாட்டுகளுக்கும், சிறப்புக் கருவிகளை நேரடியாக இயக்க வேண்டிய ஆய்வகப் பணிகளுக்கும் இது போதாது. அங்கே பழைய கணினியையே வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்துக்கொள்வது தவிர வேறு வழியில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, பழைய பதிப்புக்குத் திரும்புவது அறிவுடைமையா என்ற கேள்விக்கு, எஞ்சியுள்ள ஆதரவுக் காலமே தெளிவான அளவுகோலாகிறது. 2007இல் விஸ்டாவை நீக்கி எக்ஸ்பியை நிறுவியவருக்கு ஏறத்தாழ ஏழாண்டுப் பாதுகாப்புத் திருத்தங்கள் காத்திருந்தன. ஒரு கணினியின் பயன்வாழ்வே அவ்வளவுதான். 2013இல் விண்டோஸ் 8இலிருந்து 7க்குச் சென்றவருக்கும் ஏறத்தாழ ஏழாண்டுகள் இருந்தன. 2019இல் அதே 7க்குச் சென்றவருக்குச் சில மாதங்களே எஞ்சியிருந்தன. முதல் இருவரின் தேர்வு முற்றிலும் பொருத்தமானது. அத்தகையோருக்கு, வாங்கியது எந்த வகையாயினும், வழியைத் திறந்து வைப்பது விற்பவரின் கடமையாக இருந்திருக்க வேண்டும்.

இன்று அதே கேள்வி விண்டோஸ் 11க்கும் 10க்கும் இடையில் நிற்கிறது. 2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11 புரோவிலிருந்து 10 புரோவுக்குத் திரும்பும் உரிமை உண்டு. வீட்டு வகைக்கு இப்போதும் இல்லை. பதினொன்றாம் தலைமுறை இன்டெல் செயலிகளிலிருந்து பல மடிக்கணினிகளில் விஎம்டி என்னும் வட்டு மேலாண்மை முறை முடுக்கப்பட்டு வருவதால், உரிய இயக்கியை அளிக்காதவரை நிறுவல் நிரல் மீண்டும் வட்டையே காணவில்லை என்கிறது. எக்ஸ்பியின் ஏஎச்சிஐ சிக்கல் வேறு பெயரில் திரும்பியிருக்கிறது. வேறுபட்ட திறனுள்ள கோர்களைக் கலந்து கட்டிய புதிய செயலிகளில் வேலையைப் பகிர்ந்தளிக்கும் நுட்பமும், வைஃபை 7க்கான ஆதரவும் விண்டோஸ் 11இல்தான் உள்ளன. விண்டோஸ் 10இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது; தனிநபர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. அதே விண்டோஸ் 10இன் நீண்டகாலச் சேவைப் பதிப்பான எல்டிஎஸ்சி 2021 வகைக்கோ 2027 ஜனவரி வரையும், கருவிகளில் பதித்து விற்கப்படும் அதன் ஐஓடி வகைக்கு 2032 ஜனவரி வரையும் திருத்தங்கள் தொடர்ந்து எழுதப்படவிருக்கின்றன. அவ்விரண்டும் தொகுதி உரிமம் வாங்கும் நிறுவனங்களுக்கும் கருவித் தயாரிப்பாளர்களுக்கும் மட்டுமே விற்கப்படுகின்றன. வீட்டுக்கு ஒரு கணினி வாங்குபவருக்கு அவற்றை முறைப்படி பெற வழி வைக்கப்படவில்லை.